முதல் செல்லில் எந்த எடை?

பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லி வாங்கும் கம்ப்யூட்டரில் பெரும்பாலான வீடுகளில் முதல் மாதம் சினிமா, இரண்டாம் மாதம் கேம்ஸ். திருநீர்மலையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மட்டும் மூன்றாம் வாரமே எக்செல் திறக்கப்பட்டது. அந்த வீட்டு அம்மாவுக்கு உடல் பருமனுக்கான ஆபரேஷன் நடந்து வீட்டுக்கு வந்திருந்தார். இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, அதை ஒரு குழாய் போல ஆக்கும் 'ஸ்லீவ்' வகை ஆபரேஷன். வாரா வாரம் எடையைக் குறித்து வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். மகள் கீபோர்டு முன் உட்கார்ந்தாள். முதல் செல்லிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, ஆரம்ப எடை எவ்வளவுன்னு போடறது? 124ஆ, 118ஆ?"

"124ன்னே போடும்மா. அப்பத்தான் நிறைய குறைஞ்ச மாதிரி இருக்கும்."

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது சரியான கேள்வி. அந்த அம்மாவின் நோட்டில் ஒன்றல்ல, நான்கு எடைகள் இருந்தன. முதன்முதலில் டாக்டரைப் பார்த்த அன்று 124 கிலோ. அதன் பிறகு ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் பெரும்பாலும் திரவ உணவு. கொழுப்பு சேர்ந்த ஈரல் சற்றுச் சுருங்கினால் டாக்டருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும் என்பதற்காக இந்தப் பத்தியம். அட்மிட் ஆன காலையில் வீட்டு மிஷினில் 118.4. அன்றே ஆஸ்பத்திரி மிஷினில், உடுத்திய புடவையோடு 119.2. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று 120.1! சாப்பாடே இல்லாமல் எடை எப்படி ஏறும் என்று வீட்டில் ஒரே கலக்கம். டிரிப்ஸ் வழியாக ஏற்றிய நீர்தான் காரணம். சில நாட்களில் அது வடிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து எடை 97 கிலோ. இப்போது கணக்குப் போடுங்கள். 124இலிருந்து பார்த்தால் 27 கிலோ, அதாவது 21.8 சதவீதம் குறைவு. 118.4இலிருந்து பார்த்தால் 21.4 கிலோ, 18.1 சதவீதம். 120.1இலிருந்து பார்த்தால் 23.1 கிலோ, 19.2 சதவீதம். ஆள் ஒருவர்தான், உடம்பும் ஒன்றுதான்.

இந்தக் குழப்பம் உலகச் செய்தியானதும் உண்டு. 2017 பிப்ரவரியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரிலிருந்து எமான் அகமது என்ற பெண்ணை சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். எடை சுமார் 500 கிலோ என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. மார்ச் மாதம் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. ஏப்ரலில், எடை மிகவும் குறைந்துவிட்டதாக மருத்துவமனை சொன்ன கணக்கை அவருடைய சகோதரி ஏற்க மறுத்தார். மருத்துவமனை அவர் சொன்னதை மறுத்தது. மே மாதம் எமான் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அங்கே காலமானார். யார் சொன்னது சரி என்பது நம் விஷயமல்ல. எத்தனை கிலோ குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கிருந்து, என்றைக்கு, எந்த மிஷினில் என்பது முதலில் தெளிவாக இருக்க வேண்டும்.

சரி, எதைப் போடுவது? என் யோசனை இது. ஆபரேஷனுக்காகக் கிளம்பும் நாள் காலையில், வெறும் வயிற்றில், கழிவறை போய் வந்த பிறகு, மெல்லிய உடையில், உங்கள் வீட்டு மிஷினிலேயே நின்று பார்த்த எடைதான் ஆரம்ப எடை. பிறகு வாரா வாரம் பார்க்கப் போவதும் அதே மிஷினில்தான். ஆஸ்பத்திரி மிஷின் முக்கால் கிலோ கூடக் காட்டினாலும் அதைப் பற்றிக் கவலையில்லை. அன்று பார்க்காமல் விட்டவர்கள் ஆஸ்பத்திரி குறித்து வைத்த ஆபரேஷன் நாள் எடையைப் போடலாம். 124ஐத் தூக்கி எறிய வேண்டாம். பத்தியத்தில் குறைந்த கிலோக்களும் அந்த அம்மா பட்டினி கிடந்து குறைத்தவைதானே! அதற்குத் தனி செல் கொடுங்கள். ஆனால் ஃபார்முலா அதைத் தொடக்கூடாது.

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் வேலை ஒன்றுதான். கீழே ஏ, பி, சி என்று அச்சிட்டிருக்கும் இடங்களில் ஆங்கில எழுத்தை அடியுங்கள். ஏ1இல் 'ஆரம்ப எடை', பி1இல் 118.4. ஏ2இல் 'எடை பார்த்த தேதி', பி2இல் அந்தத் தேதி. ஏ3இல் 'முதல் பரிசோதனை எடை', பி3இல் 124. ஏ4இல் 'உயரம் மீட்டரில்', பி4இல் 1.60. ஐந்தாம் வரிசையை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். ஆறாவது வரிசையில் தேதி, எடை, குறைந்த கிலோ, சதவீதம், குறிப்பு என்று தலைப்புகள். ஏழாவது வரிசையிலிருந்து வாராந்திர எடை.

சி7 செல்லில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=$பி$1-பி7

டி7இல்:

=சி7/$பி$1*100

டாலர் குறியைப் பார்த்து மிரள வேண்டாம், காசு கேட்கவில்லை. செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுக்கும்போது ஃபார்முலாவில் உள்ள செல் எண்களும் கூடவே நகரும். டாலர் போட்ட செல் மட்டும் நகராது. திருநீர்மலை வீட்டில் முதல் தடவை டாலரை விட்டுவிட்டார்கள். எட்டாவது வரிசையில் பி1 இருக்க வேண்டிய இடத்தில் பி2, அதாவது தேதி வந்து உட்கார்ந்துகொண்டது. எக்செல் தேதியை 1900ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்களாகத்தான் வைத்திருக்கிறது. விளைவு, அம்மா ஒரே வாரத்தில் 45 ஆயிரம் கிலோவுக்கு மேல் இளைத்துவிட்டதாகத் திரையில் வந்தது. வீடே சிரித்தது.

தேதியில் இன்னொரு பொறி உண்டு. மார்ச் 5 என்று நினைத்து 5/3 என அடிக்கிறீர்கள். விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால் அது மே 3 ஆகிவிடும். சோதித்துப் பார்க்க ஒரு காலி செல்லில் 25/3 என்று அடியுங்கள். செல்லின் வலது ஓரத்துக்குப் போய் நின்றால் கம்ப்யூட்டர் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டது. இடது ஓரத்திலேயே நின்றால் வெறும் எழுத்தாக நினைக்கிறது. அப்படியானால் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் ரீஜன் பகுதிக்குப் போய் இங்கிலீஷ் இந்தியா முறைக்கு மாற்றிவிடுங்கள்.

இனி அந்தக் காலி வரிசை. டாக்டர்கள் சிலர் மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் 'அதிகப்படியான எடையில்' எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அதிகப்படி எடை. ஏ5இல் 'ஏற்ற எடை' என்று போட்டு, பி5இல் =25*பி4*பி4 என்று அடித்தால் 64 வரும். இதில் 25 என்பது பி.எம்.ஐ. எல்லை. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23க்கு மேல் போனாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. ஆகவே சிலர் 23 போடுகிறார்கள். அப்போது ஏற்ற எடை 58.9. இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 124இல் தொடங்கி 25ஐ எடுத்துக்கொண்டால் அந்த அம்மா அதிகப்படி எடையில் 45 சதவீதம் குறைத்திருக்கிறார். 118.4இல் தொடங்கி 23ஐ எடுத்துக்கொண்டால் வெறும் 36 சதவீதம். பக்கத்துத் தெருவில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர் "எனக்கு 45" என்றால், "எந்த எடையிலிருந்து?" என்று கேட்காமல் மனம் உடைந்து போகாதீர்கள். எனக்குக் கேட்டால் மொத்த எடைச் சதவீதமே வீட்டுக் கணக்குக்குப் போதும். ஓராண்டு முடிவில் மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேலும் குறைவது இந்த ஆபரேஷனில் பொதுவாகக் காணப்படுவது.

கிராஃப் போடுவதானால் இன்சர்ட் மெனுவில் ஸ்கேட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் இரண்டு வாரம் எடை பார்க்காமல் விட்டிருந்தால் அந்த இடைவெளியும் படத்தில் சரியாக விழும்.

ஏறக்குறைய மூன்றாம் வாரத்தில் கோடு படுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் வேகமாகக் குறைவதில் நீரும் நிறைய. பிறகு சில நாட்கள் எடை அசையாது. பலர் பயந்துபோய் ஆரம்ப எடையை மாற்றுவது அப்போதுதான். பி1இல் 118.4ஐ அழித்து 124 போட்டால் பழைய வாரங்களின் கணக்கு எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும். மொபைல் ஆப்களிலும் இதே கதைதான். அடுத்த முறை டாக்டரிடம் காட்டும்போது முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் பொருந்தாது. அவர் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் என்பதை மறக்க வேண்டாம். குறிப்பாக சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள். தொடர்ந்து வாந்தி இருந்தால் கோடு அழகாக இறங்குகிறது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். இது சின்ன ஆபரேஷன் அல்ல. 2024 ஏப்ரலில், திருநீர்மலைக்குப் பக்கத்திலேயே பம்மலில், எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குத் தனியார் மருத்துவமனைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும், சுகாதாரத் துறை விசாரணை நடத்தியதும் அந்தப் பகுதியினருக்கு நினைவிருக்கும்.

குறிப்பு என்ற கடைசிப் பத்தியை வீணாக்காதீர்கள். அந்த அம்மா அதில் எழுதுவது மலைக்கோயில் கணக்கு. டாக்டர் படி ஏறலாம் என்று அனுமதித்த பிறகு, கீழே நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு மேலே ரங்கநாதர் சன்னதிக்குப் படியேறும்போது எத்தனை இடத்தில் உட்கார்ந்தேன் என்று எழுதுகிறார். முதல் தடவை ஏழு. எடை அசையாத ஒரு மாதத்தில் அது நான்காகியிருந்தது.

பைலை சேவ் செய்யும்போது பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். உடம்பு விஷயம், வீட்டுக்கு வருகிறவர் எல்லாம் பார்க்க வேண்டியதில்லை. பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போகும் முன் ஒரு பக்கம் பிரின்ட் எடுங்கள். முதல் நான்கு வரிசைகளும் அந்தப் பக்கத்தில் வருகின்றனவா என்று பிரின்ட் ப்ரிவியூவில் பார்த்துக்கொள்ளுங்கள்.