மேசைமேல் குளச்சல் போர்

நவராத்திரி வந்தால் கிழக்கேகோட்டையின் அக்கிரகார வீடுகளில் கொலுப் படிகள் எழும். பொம்மைகளை வரிசையிட்டுக் காட்சி அமைக்கும் அந்தக் கைப்பழக்கத்துக்கு உறவான பொழுதுபோக்கு ஒன்று உண்டு: சிறு வீரர் உருவங்களைக் கொண்டு மேசைமேல் போர் நடத்துதல். பிரஷ்ய இராணுவம் 1824இல் அதிகாரிகளின் பயிற்சிக்கு இத்தகைய ஆட்டத்தைக் கைக்கொண்டது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் வீட்டில் ஆடுவதற்குரிய விதிகளை நூலாக்கினார்.

உருவங்கள் பெரும்பாலும் 28 மி.மீ. அளவின. வண்ணம் தீட்டுவதிலேயே பல மாலைப்பொழுதுகள் கழியும். நகர்வை அளவுநாடாவும், தாக்குதலின் விளைவைப் பகடையும் தீர்மானிக்கும்.

கிழக்கேகோட்டை வாசகர்களுக்கு ஏற்ற முதல் களமாக நாங்கள் பரிந்துரைப்பது 1741ஆம் ஆண்டின் குளச்சல் போர். கடற்கரையில் அரண் அமைத்திருந்த டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூர்ப் படை சூழ்ந்து பணியவைத்தது. சிறைப்பட்ட டச்சு அதிகாரி டிலனாய் பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் உள்ளது.

மேசையில் டச்சுப் பக்கம் ஆடுபவர், உதவிக்குக் காத்திருப்பதா, முற்றுகையை உடைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உணவும் வெடிமருந்தும் குறையும்படி விதி வகுத்துக்கொண்டால் ஆட்டம் சூடுபிடிக்கும். (இருப்புக் கணக்கின்மேல் வங்கியாளர்களாகிய எங்களுக்குள்ள பற்று எங்கும் விடுவதில்லை.)

விலை உயர்ந்த உருவங்களை உடனே வாங்க வேண்டியதில்லை. அட்டையில் வெட்டிய வீரர்களும், கொலுப் பூங்காவுக்கென வாங்கிய சிறு தென்னை மரங்களும் முதல் போருக்குப் போதும்.