கொழும்பைக் கைமாற்றிய ஸ்கொட்லாந்துப் பேராசிரியர்

கூலிக்குப் போர் செய்வது ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மதிப்புள்ள உத்தியோகம். ஸ்கொட்லாந்து அதிகாரிகள் சுவீடனிலும் ரஷ்யாவிலும் ஒல்லாந்திலும் படை நடத்தினார்கள். சுவிஸ் வீரர்களும் அப்படித்தான். அவர்களில் ஒரு படை நமது கொழும்புக் கோட்டையையே காவல் காத்தது.

1781இல் ஒல்லாந்தக் கம்பனிக்காக நுஷாத்தலைச் சேர்ந்த கவுண்ட் டி மெரோன் திரட்டிய படை அது. 1795இல் பிரித்தானியர் சார்பில் அவரைத் தேடிப் போனவர் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த ஸ்கொட்லாந்துக்காரர், ஹியூ கிளெகோர்ன். பேரம் படிந்தது; படை பிரித்தானியர் பக்கம். இருவரும் எகிப்து, செங்கடல் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார்கள். கொழும்பில் படைக்குத் தலைமை தாங்கிய கவுண்டின் தம்பி பியருக்குச் செய்தி போக வேண்டுமே! ஒல்லாந்தப் பாற்கட்டி ஒன்றைக் குடைந்து, அதற்குள் கடிதத்தை ஒளித்து அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது.

படை கொழும்பை விட்டு வெளியேறியது. 1796 பெப்ரவரியில், பெரிய சண்டை எதுவுமின்றிக் கோட்டை சரணடைந்தது. பீரங்கியை விட அந்த ஒப்பந்தமே வலிமையாக வேலை செய்தது என்பேன். அதே டி மெரோன் வீரர்கள் 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் நின்றார்கள்.

கிளெகோர்ன் 1798இல் இலங்கையின் முதலாவது குடியேற்றச் செயலாளரானார்.