கொல்லிமலை பிரிண்டரும் பதினொன்றாவது வரியும்

போன ஆனி மாதம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். மலை மேல் இருக்கிற 14 நாடுகளின் ஊர்ப்பெயர்களைத் தொகுக்கிற வேலை கொஞ்ச காலமாக நடந்துகொண்டிருக்கிறது. வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று ஒவ்வொன்றிலும் உட்கிராமப் பெயர்களைக் கேட்டு எழுத ஒரு படிவம் தயாரித்திருந்தேன். 40 பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று செம்மேட்டில் ஒரு கடைக்குள் நுழைந்தால், கடைக்காரத் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஜெராக்ஸ் வேணா எடுத்துக்கலாங்கண்ணா. பிரிண்ட் மட்டும் வராதுங்க. நேத்து ராத்திரி என்னமோ அப்டேட் ஆச்சு, காலையில இருந்து பிரிண்டரே இல்லைங்குது.”

பெஞ்சில் ஒரு பெண்ணும் அவருடைய அப்பாவும் காத்திருந்தார்கள். கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் பிரிண்ட் எடுக்க வந்தவர்கள். கோப்பு செல்போனில் இருக்கிறது, கல்லூரியில் காகிதமாகக் கேட்கிறார்கள். இங்கே கிடைக்காவிட்டால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போக வேண்டும். “ஒரு நாள் கூலி போச்சுங்க” என்றார் அப்பா.

இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அதே மெஷினில் ஜெராக்ஸ் நன்றாக வருகிறது. அப்படியென்றால் டோனர், டிரம், ரோலர் எதிலும் பழுதில்லை. மெஷின் நன்றாக இருக்கிறது, அதனோடு பேசுகிற மென்பொருள்தான் பேச்சை நிறுத்திவிட்டது.

கடைக் கணினியில் பிரிண்டர் நிறுவனத்தின் நிர்வாக மென்பொருள் இருந்தது. இரவில் அதுவாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து படித்தேன். புதிய முகப்பு, இருண்ட திரை, செல்போன் செயலி, டோனர் தீர்ந்தால் தானாக ஆர்டர் போடும் வசதி என்று 10 வரிகள். பதினொன்றாவது வரியில், சில பழைய மாடல்களுக்கான ஆதரவு இந்தப் பதிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று இருந்தது. தம்பியின் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தது.

நானும் மென்பொருள் எழுதுகிறவன்தான். இந்த மாதிரி பதினொன்றாவது வரிகளை நானே எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்துகிறவர் எந்த மலையில் உட்கார்ந்திருப்பார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தக் கட்டுரை.

உள்ளே மூன்று பேர்

நாம் ‘பிரிண்ட்’ என்று அழுத்தும்போது மூன்று பேர் வேலை செய்கிறார்கள்.

முதல் ஆள் வரிசைக்காரர். ஆங்கிலத்தில் ஸ்பூலர். வருகிற வேலைகளை வாங்கி வரிசையில் வைத்து, பிரிண்டர் ஓய்ந்ததும் ஒவ்வொன்றாக அனுப்புவார். இரண்டாவது ஆள் டிரைவர். நம் பக்கத்தை அந்தக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தருவார். மூன்றாவது ஆள் மேலாளர். யார் எவ்வளவு எடுக்கலாம், கலரா கருப்பு வெள்ளையா, தவறு நடந்தால் என்ன செய்வது என்று விதி வைப்பவர். அலுவலகங்களில் ‘பிரிண்ட் மேனேஜ்மென்ட்’ என்று விற்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆளைத்தான்.

கடந்த சில ஆண்டுகளாக எந்தப் பிரிண்ட் மென்பொருளின் புதிய பதிப்பை எடுத்துப் பார்த்தாலும், மேலே எத்தனை வசதிகள் போட்டிருந்தாலும், அடியில் நடக்கிற பெரிய மாற்றம் ஒன்றுதான். இரண்டாவது ஆளான டிரைவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

காரவள்ளி அடிவாரத்தில் இதற்கு நல்ல உதாரணம் கிடைக்கும். 70 வளைவும் அத்துப்படியான உள்ளூர் டிரைவர் இருந்தால்தான் வண்டி ஏறும் என்பது பழைய முறை. சாலையையே ஒரே அளவில், ஒரே அடையாளங்களோடு போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓட்டிப் போகலாம் என்பது புதிய முறை. பிரிண்டர் உலகில் அந்தப் பொதுச் சாலையின் பெயர் ஐபிபி, அதாவது இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால். 1990களின் கடைசியில் உருவாகி, 631 என்ற போர்ட்டில் ஓடுகிறது. பெயரில் இன்டர்நெட் இருந்தாலும் இணையம் தேவையில்லை, கடைக்குள் இருக்கும் வைஃபை போதும். கணினி பிரிண்டரிடம் “உன்னால் என்னென்ன முடியும்?” என்று கேட்கும். “ஏ4, இரண்டு பக்கம், கருப்பு வெள்ளை, 600 டிபிஐ” என்று பிரிண்டரே பதில் சொல்லும். 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட், பிறகு வந்த ஐபிபி எவ்ரிவேர், மோப்ரியா எல்லாமே இந்த வழிதான்.

தமிழுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. திரையில் ஒழுங்காகத் தெரிகிற தமிழ், காகிதத்தில் கட்டம் கட்டமாக வந்த அனுபவம் பலருக்கு இருக்கும். எழுத்துருவைத் தூக்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் வழியில் ஏதாவது ஒரு இடத்தில் அது மாறிப்போவதால் வருவது. ஐபிபி எவ்ரிவேரில் பக்கம் முழுவதையும் கணினியே புள்ளிகளாக மாற்றி அனுப்பிவிடலாம். ‘கொ’வும் ‘ஞ’வும் பிரிண்டருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, அதற்கு எல்லாம் புள்ளிதான்.

டிரைவரை ஏன் அனுப்புகிறார்கள்?

முதல் காரணம் பாதுகாப்பு. விண்டோஸில் ஸ்பூலர் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுகிற நிரல். அதற்குள் யாரோ எழுதிய டிரைவர் புகுந்தால் அதே அதிகாரம் அதற்கும் கிடைக்கும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பரவிய வழிகளில் ஒன்று இந்த ஸ்பூலர் ஓட்டை. 2021இல் வந்த ‘பிரிண்ட் நைட்மேர்’ ஓட்டையில், சாதாரணப் பயனர் கணக்கை வைத்தே டிரைவர் என்ற பெயரில் எதையும் உள்ளே ஓட்ட முடிந்தது. அந்த ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்டில், டிரைவர் நிறுவ நிர்வாகி அனுமதி கட்டாயம் என்று மாற்றியது.

அதன் தொடர்ச்சியாக 2023 செப்டம்பரில் ஓர் அட்டவணையையும் அறிவித்தது. அதன்படி 2026 ஜனவரி 15 முதல் புதிய பிரிண்டர்களுக்கான டிரைவர்கள் விண்டோஸ் அப்டேட் வழியாக வராது. 2026 ஜூலை 1 முதல், இரண்டும் இருந்தால் விண்டோஸ் தன்னுடைய ஐபிபி டிரைவரையே முதலில் தேர்ந்தெடுக்கும். 2027 ஜூலை 1 முதல், பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறு டிரைவர் அப்டேட் அந்த வழியில் கிடையாது. ஏற்கெனவே நிறுவிய டிரைவர் அன்றைக்கே நின்றுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் திசை தெளிவு.

லினக்ஸ் பக்கமும் அதே கதைதான். அங்கே இந்த வேலையைப் பார்ப்பது கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கியது. 2002இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் இதைச் சேர்த்துக்கொண்டது. 2007இல் மூல நிரலின் உரிமையையும் வாங்கி அவரையும் வேலைக்கு எடுத்தது. 2019 கடைசியில் அவர் ஆப்பிளை விட்டு வெளியே வந்தார். பிறகு ஓப்பன்பிரிண்டிங் குழு தனிக் கிளையாக எடுத்து வளர்த்து, 2021 நவம்பரில் 2.4.0 பதிப்பை வெளியிட்டது. அடுத்த 3.0 தலைமுறையில் பழைய பாணி டிரைவர்களுக்கு இடமே கிடையாது என்பது அவர்கள் முடிவு. அதே சமயம் பழைய பிரிண்டர்களைக் கைவிடாமல், ‘பிரிண்டர் அப்ளிகேஷன்’ என்ற சிறு நிரல்களை எழுதுகிறார்கள். பழைய டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே புது ஐபிபி பிரிண்டர் மாதிரி முகம் காட்டுகிற நிரல் அது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் வழியாக நம்மூர் மாணவர்கள் பலரும் இந்தக் குழுவில் வேலை செய்திருக்கிறார்கள்.

செம்மேட்டில் நடந்தது

என் லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தது. தம்பியின் பிரிண்டரிலிருந்து யூஎஸ்பி வயரை உருவி அதில் சொருகினேன். அந்த மாடலுக்கான திறமூல டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருந்தது. முதல் தாள் வெளியே வந்ததும் கடையில் இருந்த எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் சான்றிதழ்கள் 20 நிமிடத்தில் கையில். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் என் லேப்டாப்பை விட்டுவிட்டு வர முடியாதே. கடை மூலையில் தூசி படிந்த பழைய கணினி ஒன்று கிடந்தது. மறுநாள் அதில் லினக்ஸ் போட்டு, கப்ஸில் பிரிண்டரைப் பகிரும் வசதியைத் திறந்துவிட்டேன். இப்போது கடையின் மற்ற கணினிக்கும் செல்போன்களுக்கும் அது ஒரு புத்தம்புது ஐபிபி பிரிண்டர். ஆதரவு நீக்கப்பட்ட மாடல் என்று அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

எல்லா மாடலுக்கும் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில மலிவு விலை லேசர் பிரிண்டர்களுக்கு நிறுவனம் தருகிற மூடிய நிரல் துண்டு இல்லாமல் வேலையே ஆகாது. அதை நிறுவனம் நிறுத்தினால் நாமும் நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கோபம் புதிதும் இல்லை. 1980 வாக்கில் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்கே செய்தி அனுப்பும்படி பழைய பிரிண்டரின் மென்பொருளை மாற்றி வைத்திருந்தார்கள். புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் மூல நிரல் தரப்படவில்லை, அதனால் அந்த வசதியைச் சேர்க்க முடியவில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் பிறகு கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்க இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அப்டேட்டே வேண்டாமா?

“ஆட்டோ அப்டேட்ட ஆஃப் பண்ணி வெச்சிடட்டுங்களா?” என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பதில், கூடாது.

பேப்பர்கட் என்று ஒரு பிரிண்ட் நிர்வாக மென்பொருள். உலகம் முழுக்கப் பள்ளி, கல்லூரிகளில் மாணவர்களின் பிரிண்ட் கணக்கை வைக்கப் பயன்படுகிறது. அதில் இருந்த பெரிய ஓட்டைக்கு 2023 மார்ச்சில் திருத்தம் வந்துவிட்டது. ஏப்ரலில், அந்தத் திருத்தத்தைப் போடாதவர்களின் சர்வர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். கப்ஸும் விலக்கு இல்லை. வலையில் பிரிண்டர்களைத் தானாகத் தேடித் தருகிற அதன் துணை நிரல், யார் வந்து “நான் ஒரு பிரிண்டர்” என்று சொன்னாலும் நம்பியது. 2024 செப்டம்பரில் இது வெளியே வந்து, அவசரமாகத் திருத்தினார்கள்.

ஆகவே அப்டேட் வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு போடத்தான் கூடாது. வெளியீட்டுக் குறிப்பில் நான் பார்க்கிற வரிசை இது:

1. ‘நீக்கம்’, ‘ஆதரவு நிறுத்தம்’ என்ற சொற்களை முதலில் தேடுங்கள். புதிய வசதிகளைப் பிறகு படிக்கலாம். உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

2. பாதுகாப்புத் திருத்தம் இருக்கிறதா? இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் கூட்டம் இல்லாத நேரத்தில் போட்டு, உடனே ஒரு தாள் அடித்துப் பாருங்கள்.

3. தவறு நடந்தால் வரிசை என்ன செய்யும்? கப்ஸில் இயல்பான அமைப்பு, பிழை வந்தால் பிரிண்டரையே நிறுத்திவிடுவது. மலையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது வரிசை நின்றுவிடும். பிரிண்டர் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ‘மறுபடி முயற்சி செய்’ என்று மாற்றி வைத்தால் 30 விநாடி இடைவெளியில் அதுவே சில முறை முயன்று பார்க்கும். தம்பியின் கடையில் அதிகம் உதவியது இந்த ஒரு மாற்றம்தான்.

4. அடித்த கோப்பு எங்கே போகிறது? கப்ஸ் சாதாரணமாக ஒரு நாள் வரை கோப்பை வைத்திருக்கும். ஊர்க்காரர்களின் ஆதாரும் சான்றிதழும் போகிற கடையில் அது தேவையில்லாத ஆபத்து. அடித்த உடனே அழிக்கும்படி மாற்றிவிட்டோம்.

5. இணையம் இல்லாவிட்டால் வேலை செய்யுமா? கூகுள் கிளவுட் பிரிண்ட் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதை மட்டும் நம்பியிருந்த பிரிண்டர்கள் அன்றோடு அனாதை. சிக்னல் வந்து போகிற ஊரில் மேகத்தை நம்பி வரிசை வைக்க முடியாது.

புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தையும் விலையையும் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பது நல்லது.

என் படிவம் 40 பிரதியும் வந்தது, தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்குப் பொட்டலம் கட்டி மிளகு வேறு கொடுத்தார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்பு. கீழே ஒரு வரி:

“நீக்கம்னு எதுவும் இல்லைங்கண்ணா, கடைசி வரைக்கும் படிச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போட்டுடட்டுங்களா?”

போடுங்க தம்பி என்று எழுதினேன்.