லலிதாஜியும் கல்யாணி சிங்கும்

சர்ஃப் விளம்பரத்தில் வந்த லலிதாஜியை ஞாபகம் இருக்கா? 1980-களில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர் என்றால் கண்டிப்பாக இருக்கும். சுருக்கமில்லாத சேலை, நெற்றியில் பொட்டு, காய்கறிக்காரரிடம் கறாராகப் பேரம். அப்புறம் நேராக கேமராவைப் பார்த்து ஒரு பேச்சு.

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் ராத்திரி டெல்லி நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகு டிவியை அணைக்க மாட்டோம், விளம்பரத்துக்காகவே. அந்தம்மா என்ன சொல்கிறார் என்று யாரும் எங்களுக்கு மொழிபெயர்த்ததில்லை. ஏதோ கணக்கு பேசுகிறார் என்று மட்டும் புரியும். நான் கடையில் ரொம்ப பேரம் பேசினால் அம்மா, "பெரிய லலிதாஜி, வாடா போகலாம்" என்பார்.

'உடான்' தொடரும் எனக்குத் தெரியும். காக்கிச்சட்டை போட்ட ஒரு பெண் போலீஸ் அதிகாரி, பெயர் கல்யாணி சிங். இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி கவிதா சௌத்ரி அமிர்தசரஸில் இறந்துபோன செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக இரண்டு வெவ்வேறு பெண்கள் என்றே நினைத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் லலிதாஜி எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம்.

இந்தியாவில் சர்ஃப் 1959-லேயே வந்துவிட்டது. சோப்புக் கட்டி தேய்த்துத் துவைத்துக்கொண்டிருந்த ஊரில் தூள் போட்டுத் துவைப்பது என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். இன்றைக்கும் நம்ம ஊர் மளிகைக் கடையில் எந்தக் கம்பெனித் தூள் வேண்டுமானாலும் "ஒரு சர்ஃப் பாக்கெட் குடுங்க" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்ற ஒரு கெமிஸ்ட், அரசு வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் சோப்புத்தூள் கலந்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்க ஆரம்பித்தார். அதுதான் நிர்மா. விலை சர்ஃபில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வாசனை, வெளுப்பூட்டி போன்ற சேர்மானங்கள் கிடையாது, சலவை சோடா தாராளம். ஆனால் அழுக்கு போச்சு. சாமானியக் குடும்பத்துக்கு அது போதும்.

ஹிந்துஸ்தான் லீவர் ஆரம்பத்தில் இதைக் கண்டுகொள்ளவில்லை. அது வேறு சந்தை, நம் வாடிக்கையாளர் அதை வாங்கமாட்டார் என்ற நினைப்பு. 1980-களின் நடுவில் விற்பனை அளவில் நிர்மா முந்திவிட்டது. விலையைக் குறைக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது என்ற நிலையில் லீவரின் விளம்பரங்களைச் செய்துவந்த லிண்டாஸ் நிறுவனத்திடம் வேலை வந்தது. அங்கே தலைமையில் இருந்தவர் அலீக் படம்சி. இவரும் நாடகக்காரர்தான், பம்பாயில் ஆங்கில நாடகங்கள் போட்டவர். அட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் ஜின்னாவாக வந்தாரே, அவரேதான்.

லலிதாஜியின் மூலம் தன்னுடைய அம்மாதான் என்று படம்சி சொல்லியிருக்கிறார். வசதியான குடும்பம். ஆனால் காய்கறி வாங்கும்போது காசு காசாகப் பேரம் பேசுவாராம். நல்ல பொருள் என்று பட்டால் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்கமாட்டார். இந்த முரண்பாட்டை அப்படியே பிடித்து விளம்பரமாக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆண்குரல் கேட்கும்: இவ்வளவு பேரம் பேசுகிற நீங்கள், விலை அதிகமான சர்ஃபை ஏன் வாங்குகிறீர்கள்? லலிதாஜி கொஞ்சமும் அசராமல் பதில் சொல்வார். மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு. அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ சாதாரணத் தூளுக்குச் சமம். கடைசியில், சர்ஃப் வாங்குவதில்தான் 'சமஜ்தாரி', அதாவது விவரம், இருக்கிறது என்று முடியும்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மூன்று மடங்கு விலை. பாதித் தூள் போதும் என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றரை மடங்கு செலவாகிறது. லலிதாஜியின் கணக்கு நேராகாது! ஆனால் அந்த விளம்பரத்தைப் பார்த்த யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. காரணம், அந்தக் கணக்கைச் சொன்ன முகம். கெஞ்சல் இல்லை, குழைவு இல்லை, பாட்டு இல்லை. கேள்வி கேட்கிற ஆணுக்கு "உனக்கு என்ன தெரியும்" என்கிற தொனியில் பதில். அந்தக் காலத்து விளம்பரங்களில் பெண்கள் சட்டைக் காலரைப் பார்த்துப் பூரிப்பார்கள், கணவன் பாராட்டினால் வெட்கப்படுவார்கள். இவர் வாதாடினார். எனக்கு இந்தி புரியாமலே அது புரிந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்தும். விவரமானவள் சர்ஃப் வாங்குவாள் என்றால் நிர்மா வாங்குகிறவள் யார்? எங்கள் அம்மா நிர்மாதான் வாங்கினார். விவரம் இல்லாமல் இல்லை. மாசக் கடைசியில் கையில் இருந்த காசு அவ்வளவுதான். லலிதாஜியின் புத்திசாலித்தனத்துக்குக் கையில் கொஞ்சம் பணம் தேவைப்பட்டது. லீவருக்கும் இது புரிந்திருக்க வேண்டும். லலிதாஜி பேசிக்கொண்டிருந்தபோதே மலிவு விலையில் 'வீல்' என்று இன்னொரு தூளை இறக்கினார்கள். நிர்மாவோடு நேருக்கு நேர் மோதியது அதுதான். லலிதாஜி தன் பழைய வாடிக்கையாளர்களைத் தக்கவைத்துக் கொடுத்தார்.

சரி, கவிதா சௌத்ரிக்கு வருவோம்.

இவர் தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர். அனுபம் கேர், சதீஷ் கௌசிக் எல்லாம் அங்கே இருந்த காலம். அங்கே பயிற்சி பெற்ற ஒருவரை நாடு முழுக்க அடையாளம் கண்டுகொண்டது சோப்புத்தூள் விளம்பரத்தால். இது ஒன்றும் அதிசயமில்லை. ஒரே அலைவரிசை, ஒரே விளம்பரம், திரும்பத் திரும்ப. ஒரு சினிமா நடிகைக்குக்கூட வாரம் முழுக்க எல்லா வீட்டிலும் முகம் காட்டுகிற வாய்ப்பு கிடையாது. அந்த வெளிச்சத்தில் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கிறவர்களுக்கு நடிப்பவரின் பெயர் தேவையே இல்லை. 'லலிதாஜி' போதும். சினிமா என்றால் டைட்டிலில் பெயர் வரும். விளம்பரத்தில் வருவது பொருளின் பெயர் மட்டும்தான்.

இந்த இடத்தில் பலர் அப்படியே நின்றுவிடுவார்கள். கவிதா என்ன செய்தார் என்றால், 1989-இல் 'உடான்' தொடரைத் தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்தார். மூன்றும் அவர். தூர்தர்ஷனில் ஒரு பெண் அப்படிச் செய்வது எவ்வளவு அபூர்வம் என்று யோசியுங்கள். மாவட்ட ஆட்சியராக நடித்தவர் சேகர் கபூர், அப்போது 'மாசூம்', 'மிஸ்டர் இந்தியா' எல்லாம் எடுத்துப் பெயர் வாங்கிவிட்டிருந்தார். அப்பாவாக விக்ரம் கோகலே.

கதை எங்கேயும் தேடி எடுத்ததில்லை, அவருடைய சொந்த அக்காவின் கதை. காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா, 1973-ஆம் ஆண்டு ஐபிஎஸ். கிரண் பேடிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெண் ஐபிஎஸ் அதிகாரி. சொத்துத் தகராறில் அப்பா தாக்கப்பட்டு, போலீசில் புகாரைக்கூட வாங்க மறுத்ததுதான் தன்னைக் காவல்துறைக்கு அனுப்பியது என்று அவர் சொல்லியிருக்கிறார். தொடரிலும் அதுதான் அச்சாணி. உறவுக்காரர்கள் சொத்தைப் பறித்துக்கொள்ள, நியாயம் கேட்டு அலைகிற அப்பா. அதைப் பார்த்து வளரும் மகள்.

சமீபத்தில் சில பகுதிகளை மறுபடி பார்த்தேன். (கொரோனா ஊரடங்கில் தூர்தர்ஷனே மறு ஒளிபரப்பு செய்தது.) ஆக்‌ஷன் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மெதுவாகத்தான் போகும், ஒலிப்பதிவும் சுமார்தான். ஆனால் கல்யாணி எதிரில் நிற்கும் அதிகாரியிடம் பேசும்போது, அட, இது அந்தக் காய்கறிக் கடைப் பேச்சு! குரலை உயர்த்தாமல், கண்ணைத் தாழ்த்தாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது. விளம்பரத்தில் அவர் பேசியது ஒரு விளம்பரக்காரர் தன் அம்மாவை நினைத்து உண்டாக்கிய பெண்ணின் வசனம். இங்கே தன் அக்காவுக்காகத் தானே எழுதியது. பேசும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். அதை அவர் விளம்பரத்தில் கற்றாரா, கற்றதை விளம்பரத்துக்குக் கொடுத்தாரா என்றால், கொடுத்தார் என்றே நான் சொல்வேன்.

பிறகு 'யுவர் ஹானர்', 'ஐபிஎஸ் டைரீஸ்' என்று இன்னும் சில செய்தார். எதுவும் 'உடான்' அளவுக்குப் போகவில்லை. கேபிள் டிவி வந்து, மாமியார்–மருமகள் காலம் ஆரம்பித்திருந்தது.

'உடான்' ஒளிபரப்பானபோது அக்கா இன்னும் உச்சிக்குப் போயிருக்கவில்லை. 2004-இல் காஞ்சன் உத்தராகண்டின் டிஜிபி ஆனார். ஒரு மாநிலக் காவல்துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியப் பெண் அவர். 2007-இல் ஓய்வு பெற்றார், 2019 ஆகஸ்டில் மறைந்தார். தங்கை அதற்குப் பிறகு ஐந்து வருஷம்கூட இருக்கவில்லை.

அம்மாவிடம் போன வாரம் இதையெல்லாம் சொன்னேன். லலிதாஜிதான் அந்தப் போலீஸ்காரம்மா, தெரியுமா என்று கேட்டேன். "அதான் தெரியுமே, அதே மூக்கு" என்றார்.