வண்ண மீனும் வாசல் காவலும்

தருமபுரி மாவட்டத்தில் தன் வீட்டுப் புழக்கடையில் சிமென்ட் தொட்டிகள் கட்டி வண்ண மீன் வளர்க்க விரும்பும் ஒரு பெண்ணுக்கு உதவ அரசு ஆயத்தமாகவே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புழக்கடை அலகு ஒன்றின் மதிப்பு 3 லட்சம் ரூபாய் என வரையறுக்கப்பட்டது. நடுத்தர அலகுக்கு 8 லட்சம். குஞ்சு பொரிப்பும் வளர்ப்பும் சேர்ந்த ஒருங்கிணைந்த அலகுக்கு 25 லட்சம். பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம். அதாவது, தன் பங்காக 1.20 லட்சம் ரூபாய் திரட்டினால் அப்பெண் ஒரு புழக்கடைப் பண்ணைக்கு உரிமையாளராகிவிடலாம்.

ஆனால், அவர் வளர்த்த மீனை வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி, வளர்ப்பதற்கான தாய் மீனை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது எப்படி என்று கேட்டால், விடை நான்கு அமைச்சகங்களின் வாசல்களில் சிதறிக் கிடக்கிறது.

ஏற்றுமதியை முதலில் பார்ப்போம். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்திடம் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் பெற வேண்டும். அடுத்து, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்த ஆணையத்தின் பெயரில் கடல் இருந்தாலும், ஒருநாளும் கடலைக் காணாத கப்பியும் மோலியும் அதன் வரம்புக்குள்தான் வருகின்றன. இவை இரண்டும் வணிக அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளவை.

மீன் நோயற்றது என்ற சான்று மீன்வளம், கால்நடை அமைச்சகத்தைச் சேர்ந்த கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் வழியாகக் கிடைக்க வேண்டும். தமிழகத்தில் அந்நிலையம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது. பெட்டியில் இருப்பது பாதுகாக்கப்பட்ட உயிரினம் அன்று என்பதைச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவு உறுதிப்படுத்த வேண்டும். கடைசியாக, நிதி அமைச்சகத்தின் கீழுள்ள சுங்கத் துறை.

இவற்றோடு வாங்கும் நாட்டின் நிபந்தனைகளும் சேர்ந்துகொள்கின்றன. கெண்டை மீன்களைத் தாக்கும் ஒருவகை வைரஸ் நோய்க்கு அஞ்சி, தங்க மீனுக்கும் கொய் மீனுக்கும் தனி அனுமதியையும் நலச் சான்றையும் அமெரிக்கா கேட்கிறது. அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இல்லாத மீனை ஆஸ்திரேலியா உள்ளே விடுவதே இல்லை; விட்ட மீனையும் இனத்துக்கேற்பத் தனிமைப்படுத்தி வைத்த பின்னரே விற்க விடுகிறது.

இரும்புக் கம்பியோ கிரானைட் கல்லோ ஏற்றுமதி செய்பவருக்கு ஒரு சான்றிதழ் இரண்டு நாள் தாமதமானால் கிடங்கு வாடகை கூடும், அவ்வளவே. மீன் காத்திருக்காது. பயணத்தின்போது கழிவு சேர்ந்து தண்ணீரில் அம்மோனியா கூடிவிடாமலிருக்க, பொதி கட்டுவதற்கு ஓரிரு நாள் முன்பே மீன்களுக்கு இரை நிறுத்தப்படுகிறது. பிறகு ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் இட்டு, தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். அந்த நேரத்திலிருந்து ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் கடலுக்கு அப்பால் ஒரு தொட்டியில் அவை நீந்தியாக வேண்டும். எனவே இத்தொழிலில் தாமதம் என்பது செலவு அன்று, முழு இழப்பு.

பொருளியல் வகுப்பில் முதல் பருவத்திலேயே கற்பிக்கப்படும் ஒரு கருத்து இங்கே பொருந்தும். பத்துப் பெட்டி அனுப்பினாலும் இருநூறு பெட்டி அனுப்பினாலும் பதிவுக்கும் சான்றுக்கும் அலைச்சலுக்கும் ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். இத்தகைய நிலைச் செலவைப் பெரியவர் எளிதில் பங்கிட்டுக்கொள்வார்; சிறியவரால் இயலாது. அதனால்தான் சென்னை கொளத்தூரையும் அதைச் சுற்றிய திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களையும் சேர்ந்த சிறு வளர்ப்போர், நாட்டின் வண்ண மீன் தொழிலுக்கு மையமாக விளங்கியும், பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தையிலேயே விற்றுவிடுகிறார்கள். உலக வண்ண மீன் ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு ஒரு விழுக்காட்டை எட்டவில்லை. நிலப்பரப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுகூட இல்லாத சிங்கப்பூரோ இவ்வணிகத்தில் நெடுங்காலமாக முன்னணியில் நிற்கிறது. தன் பண்ணை மீன்களோடு அண்டை நாட்டு மீன்களையும் திரட்டி மறு ஏற்றுமதி செய்கிறது அந்நாடு. அது விற்பது மீனை மட்டுமன்று. தன் சான்றிதழின் மீதுள்ள நம்பிக்கையையும்தான்.

அப்படியானால் விதிகளைத் தளர்த்திவிடலாமா? தொழில் சார்ந்த கூட்டங்களில் அடிக்கடி எழும் கோரிக்கை அது. இறக்குமதியின் பக்கம் திரும்பிப் பார்த்தால், அந்தக் கோரிக்கை எத்தனை ஆபத்தானது என்பது விளங்கும்.

உயிருள்ள மீனின் இறக்குமதிக்கு அடிப்படையாக இருப்பது 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். மாட்டையும் குதிரையையும் மனத்தில் கொண்டு ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் அது. பிற்கால அறிவிக்கைகளின் வழியாக மீனும் அதன் கீழ் வந்தது. வண்ண மீன் இறக்குமதிக்கென மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் 92 இனங்களைப் பட்டியலிட்டன. பட்டியலில் இல்லாத இனத்தைக் கொண்டுவர வேண்டுமானால், அயல் நீர்வாழ் உயிரினங்களுக்கான தேசியக் குழு அதன் தீமைகளை ஆராய்ந்து இசைவு தர வேண்டும். அனுப்பும் நாட்டின் நலச் சான்று, முன்கூட்டியே பெற்ற இறக்குமதி அனுமதி, குறிப்பிட்ட விமான நிலையம் வழியாக மட்டுமே நுழைவு, நுழைந்த பின் தனிமைப்படுத்தல் என்று படிகள் தொடர்கின்றன.

இவ்வளவு காவல் ஏன் என்பதற்கு இந்தோனேசியா ஒரு பாடம். 2002-ஆம் ஆண்டு கிழக்கு ஜாவாவின் பிளிட்டார் பகுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த கொய் மீன்களோடு ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்றும் வந்து சேர்ந்தது. அழகுக்கு வளர்த்த மீன்களோடு அது நிற்கவில்லை. உணவுக்காகக் கெண்டை வளர்த்துப் பிழைத்த குடும்பங்களின் குளங்களுக்கும், மேற்கு ஜாவாவின் சிராட்டா நீர்த்தேக்கத்தில் மிதந்த கூண்டுகளுக்கும் பரவிப் பேரழிவை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் கெண்டை மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்து மிதந்தன.

காரணம் எளிது. ஆயிரக்கணக்கில் விலை பேசப்படும் கொய் மீனும், நம் ஏரிகளில் விடப்படும் சாதாக் கெண்டையும் ஒரே இனம். நிறம்தான் வேறு. மாளிகைத் தோட்டத்துக் குளத்துக்கு வரும் நோய் ஏழையின் ஏரிக்கும் வரும். ஒகேனக்கல்லில் மீன் பொரித்துத் தரும் பெண்களும், நாகமரை, ஒட்டனூர்ப் பகுதிகளில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் வலை வீசுவோரும், வண்ண மீன் இறக்குமதி விதியைப் பற்றி ஒருநாளும் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. ஆனால், அவ்விதி தோற்றால் இழப்பு அவர்களுடையது. லாபம் ஒருவருக்கு, நட்டம் மற்றொருவருக்கு என்ற இந்த நிலையைப் பொருளியலார் புறவிளைவு என்பர். சந்தை தானாகத் தீர்க்காத சிக்கல் இது; எனவே விதி வேண்டும்.

இங்குதான் நம் ஏற்பாட்டின் கோளாறு வெளிப்படுகிறது. ஒரே தாய் மீன் குடும்பத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு எடுத்தால் நிறம் மங்கும், உடல் கோணும். புதிய தாய் மீன் அவ்வப்போது தேவை. அதைச் சட்டப்படி கொண்டுவரத் தனிமைப்படுத்தல் கூடம் முதற்கொண்டு எல்லா ஏற்பாடும் வேண்டுமென்றால், தொட்டி பத்து வைத்திருப்பவர் என்ன செய்வார்? எங்கிருந்து வந்தது என்று கேட்காமல், இடைத்தரகர் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். அதில் பயணப் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்டதும் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் திருச்சி விமான நிலையத்தில், மலேசியாவிலிருந்து வந்த பயணியின் பெட்டிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகள் பிடிபட்டன. மீன் தொட்டிக் கடைகளில் விற்பதற்காகக் கடத்தப்படும் உயிர்கள் இவை. கடைப்பிடிக்க முடியாத விதி வணிகத்தை நிறுத்துவதில்லை. காவலர் இல்லாத வழிக்கு அதைத் திருப்பிவிடுகிறது. தனிமைப்படுத்தப்படாத மீனே நோயைக் கொண்டுவரும் மீன் என்பதை எண்ணினால், இதன் விபரீதம் புரியும்.

வாசலில் இத்தனை காவல் வைத்த நாம், வீட்டுக்குள் நடப்பதைப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு குறை. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று கடைகளில் விற்கப்படும் டேங்க் கிளீனர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதை இன்று யாரும் விமானத்தில் கொண்டுவர வேண்டியதில்லை; இங்கேயே பெருகுகிறது. வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்ல மனமில்லாத நல்லவர்கள் அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். கவசம் போன்ற உடலும் முள்ளும் வலையைக் கிழிக்கும்; கரையைக் குடைந்து முட்டையிடும்; விற்றால் வாங்குவார் இல்லை. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் உள்நாட்டு மீனவர்கள் இதனால் படும் துன்பம் செய்திகளில் வந்தவண்ணம் உள்ளது. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரபைமாவும் முதலைமூக்கு மீனும் வலையில் சிக்கின; 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியிலும் முதலைமூக்கு மீன் ஒன்று அகப்பட்டது. எல்லாம் வளர்ப்புத் தொட்டியிலிருந்து போனவையே. உணவு மீனிலும் இதே கதைதான். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரக் குட்டைகளில் அதை ரகசியமாக வளர்ப்பதும் அதிகாரிகள் அழிப்பதும் ஓயவில்லை.

உள்நாட்டு விற்பனையை ஒழுங்குபடுத்த ஒரு முயற்சி நடந்தது. 2017 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சகம், விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மீன் தொட்டிக் கடைகளுக்கான விதிகளை வெளியிட்டது. கடைகள் பதிவு பெற வேண்டும்; கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக்கூடாது; 158 இனங்களைக் காட்சிக்கு வைக்கவோ விற்கவோ கூடாது என்றெல்லாம் அவை கூறின. கொளத்தூர் கொதித்தது, சில மாதங்களில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அவ்விதிகள் மீனின் துயரத்தை நினைத்தன, அது பாராட்டுக்குரியதே; ஆனால், ஏரியின் துயரத்தை நினைக்கவில்லை. தடுக்க வேண்டிய இனம் எது, அது எங்கே பெருகுகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கியிருந்தால், வளர்ப்போரையும் உடன் அழைத்துச் சென்றிருக்கலாம்.

நம் மீன்களைக் காப்பதிலும் இதே தடுமாற்றம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளுக்கே உரிய, மிஸ் கேரளா என்று செல்லப்பெயர் பெற்ற மீன், ஆற்றிலிருந்து அள்ளி ஏற்றுமதி செய்யப்பட்டே அருகிப்போனது. 2005 முதல் 2012 வரையில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல் போயிற்று என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இன்று அதே மீனை இந்தோனேசியப் பண்ணைகள் குஞ்சு பொரித்து உலகுக்கு விற்கின்றன. ஆற்றில் பிடிப்பதையும் பண்ணையில் வளர்ப்பதையும் பிரித்தறிந்து சான்றளிக்கும் ஏற்பாட்டை நாம் உரிய காலத்தில் செய்யவில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. இறால் வளர்ப்புக்காக வெளிநாட்டுத் தாய் இறால்களைத் தனிமைப்படுத்தும் பொதுக் கூடம் சென்னை நீலாங்கரையில் 2009 முதல் இயங்குகிறது. ஒவ்வொரு பண்ணையாளரும் தனித்தனியே கூடம் கட்ட வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கட்டணம் செலுத்தினால் போதும். வண்ண மீனுக்கும் அத்தகைய பொதுக் கூடம் ஒன்று அமைந்தால், சிறு வளர்ப்போர் குழுவாகச் சேர்ந்து முறையாகத் தாய் மீன் வரவழைக்க முடியும். கடத்தல் மீனுக்கான தேவை குறையும். ஏற்றுமதிச் சான்றுகளை வெவ்வேறு அலுவலகங்களில் தேடாமல் ஒரே கூரையின் கீழ் பெறச் செய்யலாம். டேங்க் கிளீனர் போன்ற இனங்களின் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் தடுக்கும் விதியைத் தனியாகக் கொண்டுவரலாம். வளர்ந்த மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடமையை விற்ற கடைக்கே விதிக்கலாம்.

தருமபுரிக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஃபுளோரைடு கலந்த, உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இம்மாவட்டத்தின் பழைய துயரம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதன் பொருட்டு வந்தது. கடின நீரை விரும்பும் கப்பி, மோலி போன்ற குட்டி ஈனும் மீன்களுக்கு இங்கே சோதனை வளர்ப்பு நடத்திப் பார்க்கலாம். சென்னையைவிடப் பெங்களூரு பாதித் தொலைவுக்கும் குறைவு. அங்கும் பன்னாட்டு விமான நிலையமும் தனிமைப்படுத்தல் நிலையமும் உண்டு. மானியம் வழங்கும்போதே அந்தப் பயனாளிகளை ஒரு குழுவாக்கி, ஒரே பதிவு எண்ணில் பெங்களூரு வழியாக ஏற்றுமதி செய்யும் ஏற்பாட்டை மீன்வளத் துறை முன்னின்று செய்ய வேண்டும். எந்த இனங்களை இம்மாவட்டத்தில் வளர்க்கலாம் என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு, தொட்டி கட்டப்போகிறவர்களோடு நாகமரையில் வலை வீசுகிறவர்களையும் அழைக்க வேண்டும்.