கல்லீரலின் கையிருப்பு

காய்ச்சல் என்றதும் நம் கை தேடும் மாத்திரை பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது பொதுவான உச்சவரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் வந்துவிடும். கூடவே குடிக்கும் சளி மருந்திலும் அதே பாராசிட்டமால் இருந்தால் வரம்பு தாண்டியதே தெரியாது. ஆனால் எண்ணிக்கை பாதிக் கதைதான். மாத்திரை உள்ளே போகும் நேரத்தில் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது மீதிக் கதை.

பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் பக்குவமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நொதிகளிடம் சிக்கி 'நாப்க்வி' என்ற நச்சாகிறது. அதை அடக்கவே குளுட்டதயோன் என்ற பொருளைக் கல்லீரல் செல்கள் கையிருப்பாக வைத்திருக்கின்றன. அளவோடு சாப்பிட்டால் நச்சு உண்டான சூட்டிலேயே அடங்கிவிடும். அளவு மீறினால் கையிருப்பு கரையும். பிறகு நாப்க்வி, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும், செல் செத்துப்போகும். கல்லீரலின் ஒவ்வொரு நுண்மடலின் நடுவிலும் ஓடும் மைய நாளத்தைச் சுற்றியுள்ள செல்களுக்குத்தான் முதல் அடி. நச்சாக்கும் நொதி அங்கேதான் அதிகம், குளுட்டதயோனோ குறைவு.

இந்தக் கையிருப்பில்தான் மன அழுத்த ஹார்மோன்கள் கைவைக்கின்றன. பயந்தால் அட்ரினலின் சுரந்து, கல்லீரல் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் விடும் என்று பள்ளியில் படித்திருப்போம். எலிகளின் கல்லீரலை ஆராய்ந்தபோது, அட்ரினலின் பட்டதும் குளுட்டதயோனும் வெளியேறுவது தெரிந்தது.

அடுத்து வந்த சுண்டெலிச் சோதனைகள் என்னைத் திடுக்கிட வைத்தவை. பினைல்புரப்பனோலமைன் என்ற மூக்கடைப்பு மருந்து, அட்ரினலின் வேலைசெய்யும் ஆல்ஃபா ஏற்பிகளைத் தூண்டக்கூடியது. அதைப் பாராசிட்டமாலோடு சேர்த்துக் கொடுத்தபோது கல்லீரல் சேதம் கூடியது. அந்த ஏற்பிகளை அடைக்கும் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தபோது சேதம் குறைந்தது. இத்தனைக்கும் பினைல்புரப்பனோலமைனும் பாராசிட்டமாலும் ஒரே சளி மாத்திரைக்குள் விற்கப்பட்டவை. 2000இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்னதைக் கைவிடச் சொன்னது கல்லீரலுக்காக அல்ல, மூளை ரத்தக்கசிவு அபாயத்துக்காக.

சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் யார் மாத்திரை போடுகிறார்கள் என்று பாருங்கள்: வலியில் துடிப்பவர், தூக்கம் கெட்டவர், வாய் கசந்து சாப்பிடாமல் கிடப்பவர். வலியிலும் தூக்கக்கேட்டிலும் மன அழுத்த ஹார்மோன்கள் ஏறியிருக்கலாம். பட்டினியும் குளுட்டதயோனைக் குறைக்கும்.

அளவு மீறிவிட்டால் மாற்று மருந்து உண்டு. அசிட்டைல் சிஸ்டைன் கல்லீரலுக்குக் குளுட்டதயோன் செய்யும் மூலப்பொருளைத் தந்து கையிருப்பை மீட்கிறது. மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். ஆனால் முதல் நாளில் வெறும் குமட்டலோடு, சில சமயம் அதுவும் இல்லாமல், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரியும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டில் காத்திருக்கும் அந்த இரவில்தான் கல்லீரல் செல்கள் சாகின்றன.