குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

கூலி வேலைக்குப் போகும் தாய் கைக்குழந்தையை எங்கே விடுவாள்? மூத்த மகளிடம் விடுவாள். அந்த மகளின் படிப்பு நின்றுவிடும்.

கர்நாடக அரசு 2023-இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. பெயர் 'கூசின மனே'. கன்னடத்தில் கூசு என்றால் குழந்தை. மனே என்றால் வீடு. 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் குழந்தைகள் காப்பகம் அமைப்பது திட்டம். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நம் ஊருக்கும் கேட்கலாமா? கேட்கலாம். 1992-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பஞ்சாயத்திடம் ஒப்படைக்க 29 பணிகள் குறிக்கப்பட்டன. பெண்கள், குழந்தைகள் நலம் அவற்றில் ஒன்று. பஞ்சாயத்துப் பணம் பொதுப்பணம். சாலைக்கும் விளக்குக்கும் கேட்கிறோம். காப்பகத்துக்கும் கேட்போம்.

எங்கே கேட்பது? கிராம சபையில். ஊர் வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். நீங்களும்தான். தாய்மார்கள் சேர்ந்து போங்கள். தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியுமே!